வேகமான ஸ்கேல் ஓட்டங்களுக்கு விரல் எண் போடுவது எப்படி: பியானோ மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு மேஜர் ஸ்கேலையும் தடையில்லாமல் வாசிக்கும் மாணவர், ஒரு சொனாட்டாவில் அதே ஸ்கேல் வேகமாக வரும்போது தடுமாறுவார். கை பழகாதது காரணம் என்று நினைத்து இன்னும் நூறு தடவை வாசிப்பார். பெரும்பாலும் காரணம் அதுவாக இருக்காது. பாடமாகப் படித்த ஸ்கேல் தன் முதல் சுரத்தில் தொடங்கி அதே சுரத்தில் முடியும். இசையில் வரும் ஓட்டம் நடுவில் எங்கோ தொடங்கி வேறெங்கோ போய் முடியும். விரல் எண்ணை அந்த இடத்துக்காகவே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முடிவு, பிறகு கை நகரும் இடங்கள், கடைசியில்தான் ஒவ்வொரு விரல். மாணவர்கள் பெரும்பாலும் முதல் சுரத்துக்கு ஒரு விரல் வைத்துவிட்டு, போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையில் 1 என்றால் பெருவிரல், 2 ஆட்காட்டி விரல், 3 நடுவிரல், 4 மோதிர விரல், 5 சுண்டுவிரல். இரண்டு கைக்கும் இதே எண்கள்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

மேஜர், மைனர் ஸ்கேல்களின் வழக்கமான விரல் எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அவற்றை அப்படியே பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரியாமல் விலகினால் கை குழம்பும்.

அடுத்து, அந்த ஓட்டம் எந்த வேகத்தில் போகப் போகிறது என்பது தெரிய வேண்டும். மெட்ரோனோமில் ஒரு எண்ணாகவே தெரிந்தால் நல்லது. மெதுவான வேகத்தில் எந்த விரல் வைத்தாலும் ஓடும். செமிகுவேவர் (ஒரு பீட்டில் கால் பங்கு நீளும் சுரம்) நான்கு நான்காக நிமிடத்துக்கு 130 பீட் போகும்போது நல்ல எண் எது, கெட்ட எண் எது என்பது வெளியே வரும்.

மென்மையான பென்சிலும் அழிரப்பரும் வேண்டும். பேனா வேண்டாம். முதலில் எழுதும் எண்ணே கடைசி எண்ணாக இருப்பது அபூர்வம்.

எடை உள்ள கட்டைகள் கொண்ட வாத்தியத்தில் உட்காருங்கள். வீட்டில் 61 கட்டை கீபோர்டு மட்டும் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். ஆனால் அதன் இலகுவான கட்டைகள் பலவீனமான விரலின் குறையை மறைத்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். 4ஆவது விரல் உண்மையான பியானோவில் எவ்வளவு அழுத்தும் என்பது அங்கே தெரியாது.

புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவை பதிப்பாசிரியர் போட்டவை. இசையமைப்பாளரே எண் போட்ட இடங்கள் குறைவு. அவற்றை ஒரு நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் கையின் அளவு அவருக்குத் தெரியாது.

2. ஓட்டத்தின் இரண்டு எல்லைகளையும் குறியுங்கள்

ஓட்டத்தின் முதல் சுரத்தையும் கடைசிச் சுரத்தையும் வட்டமிடுங்கள். அத்தோடு நிற்காமல், முதல் சுரத்துக்கு முன்னால் கை எங்கே இருந்தது, கடைசிச் சுரத்துக்குப் பின் எங்கே போகிறது என்பதையும் குறியுங்கள்.

ஓட்டத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து எண் போட்டால், அது தனியாக வாசிக்கும்போது அருமையாக இருக்கும். முன்னால் இருக்கும் கார்டை 5-3-1 என்று பிடித்துவிட்டு வரும் கைக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த தொடக்க விரல் எட்டாமலும் போகலாம். முடிவிலும் அப்படித்தான். ஓட்டம் முடிந்ததும் கை மேலே தாவ வேண்டுமா, அதே இடத்தில் நின்று ட்ரில் (பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி) வாசிக்க வேண்டுமா, கீழே திரும்ப வேண்டுமா என்பதைப் பொறுத்துக் கடைசி விரல் மாறும்.

3. வழக்கமான எண்ணை ஒரு முதல் வரைவாகப் போடுங்கள்

எந்த ஸ்கேல் என்று கண்டுபிடித்து, அதன் வழக்கமான எண்ணை லேசாக எழுதுங்கள். கைக்கு ஏற்கனவே பழக்கமான வழி அது. முடிந்த அளவு அதிலேயே இருப்பது லாபம்.

இந்த எண்களை ஏழு ஏழாக உருப்போட வேண்டியதில்லை. ஒரு ஆக்டேவில் 4ஆவது விரல் ஒரே ஒரு முறைதான் வரும். அது எந்தச் சுரத்தில் விழுகிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

வலக்கையில் சி, ஜி, டி, ஏ, இ, பி மேஜர்களுக்கு 4 விழுவது ஸ்கேலின் ஏழாவது சுரத்தில். ஃபிளாட் மேஜர்கள் எல்லாவற்றுக்கும், அதாவது எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட் ஆறுக்கும், வலக்கையின் 4 எப்போதும் பி ஃபிளாட்டில். பெருவிரல் எஃப்-இலும் சி-யிலும் விழும். ஜி ஃபிளாட்டில் மட்டும் சி-க்குப் பதில் சி ஃபிளாட். இந்த ஒரு விதியே பாதி வேலையை முடித்துவிடும்.

இடக்கையில் சி, ஜி, டி, ஏ, இ, எஃப் மேஜர்களில் தொடர்ந்து போகும்போது 4 விழுவது இரண்டாவது சுரத்தில். பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் நான்கிலும் அது நான்காவது சுரத்துக்குப் போய்விடும்.

மைனரில் கொஞ்சம் கவனம் வேண்டும். மெலோடிக் மைனர் ஏறும்போதும் இறங்கும்போதும் சுரம் மாறுவதால், 4 விழும் இடமும் மாறக்கூடும். சி ஷார்ப் மெலோடிக் மைனரில் வலக்கை ஏறும்போது 4 ஏ ஷார்ப்பில் விழும். இறங்கும்போது டி ஷார்ப்புக்கு மாறிவிடும். ஏறிய எண்ணையே கண்ணாடி மாதிரி திருப்பி வாசிக்கப் பார்ப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

4. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

கடைசிச் சுரத்துக்கு எந்த விரல் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள். எங்கே வழக்கமான எண்ணோடு சேர்கிறதோ, அங்கே நிறுத்திவிடலாம். ஓட்டத்தின் தொடக்கத்தில் கைக்கு நேரம் இருக்கும். வேறு விரலில் தொடங்குவது பெரிய சிரமம் இல்லை. முடிவில் நேரமே இருக்காது. அங்கே விரல் தீர்ந்துபோனால் சரிசெய்ய வழி கிடையாது.

மொஸார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே. 545, முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். 5ஆவது பாரில் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) வலக்கை ஏ-யில் தொடங்கி ஒரு ஆக்டேவ் ஏறி, அதே ஏ-க்கு இறங்கி வருகிறது. 6ஆவது பார் ஜி-யில் தொடங்கி அதே மாதிரி. 7ஆவது எஃப், 8ஆவது இ. எல்லாம் வெள்ளைக் கட்டைகள். பார்க்க எளிது, அதனாலேயே பலரும் யோசிக்காமல் எண் போட்டுவிடுகிறார்கள்.

ஏறும்போது ஏ 1, பி 2, சி 3, டி 1, இ 2, எஃப் 3, ஜி 4, ஏ 5. இதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போது பழக்கத்தில் வருவது: ஜி 4, எஃப் 3, இ 2, டி 1, பிறகு பெருவிரலுக்கு மேலே 3 தாண்டி சி 3, பி 2, ஏ 1. பார் முடிந்தது. அடுத்த பாரின் முதல் சுரம் ஜி. பெருவிரல் ஏ-யில் இருக்கிறது. ஜி-க்கும் பெருவிரல்தான் வேண்டும். ஒரே விரல் பக்கத்துக் கட்டைக்குத் தாவ வேண்டியிருப்பதால் ஓட்டம் அறுந்து, பார் தொடங்கும் இடத்தில் ஒரு குத்து விழும். நான்கு பாரிலும் இதே குத்து.

பின்னோக்கி எண்ணினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அடுத்த பாரின் ஜி-க்கு 1 வேண்டும். அதற்கு முன் ஏ 2, பி 3, சி 4. அதற்கு முன் டி 1. ஆக, டி-யில் பெருவிரல் இருக்கும்போது 3 தாண்டுவதற்குப் பதிலாக 4 தாண்டி சி-யில் விழ வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். சி 4, பி 3, ஏ 2, அடுத்த பாரில் ஜி 1. பாருக்குப் பார் இதே எண் அப்படியே கீழே இறங்கும். இந்தச் சங்கிலி எங்கே முடிகிறதோ, அங்கே புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

இடக்கைக்கு ஓர் உதாரணம். சி மேஜரில் சி-யிலிருந்து ஒரு ஆக்டேவையும் தாண்டிக் கீழ் ஜி வரை இறங்கும் ஓட்டம், மொத்தம் பதினொரு சுரம். அடியில் இருக்கும் ஜி நன்றாக ஒலிக்க வேண்டும். அதற்கு 5 வேண்டும். வழக்கமான எண்ணில் போனால் சி 1, பி 2, ஏ 3, ஜி 1, எஃப் 2, இ 3, டி 4, சி 1, பி 2, ஏ 3 என்று வந்து, அடி ஜி-யில் பெருவிரல் விழும். கை முழுவதும் அந்த ஜி-க்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பின்னோக்கி எண்ணினால் ஜி 5, ஏ 4, பி 3, சி 2, டி 1. அதாவது டி-யில் 4 வைக்காமல் பெருவிரலை உள்ளே கொண்டுவந்தால் போதும். முதல் ஆறு சுரங்களில் எதுவும் மாறவில்லை.

5. கை நகரும் இடங்களைக் குழுவாகப் பிரியுங்கள்

வேகத்தில் கை தனித்தனி விரலாக யோசிப்பதில்லை. மூன்று சுரம் ஒரு பிடி, நான்கு சுரம் ஒரு பிடி என்றுதான் போகும். பெருவிரல் விழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போட்டு, ஓட்டத்தைக் குழுக்களாகப் பிரியுங்கள்.

சி மேஜர் இரண்டு ஆக்டேவ் ஏறும்போது பதினைந்து சுரம்: 3, 4, 3, 5. நான்கு பிடி, மூன்று நகர்வு. எந்த ஓட்டத்துக்கும் எத்தனை நகர்வு தேவை என்று இப்படி எண்ணிப் பாருங்கள். இரண்டு வழி இருந்தால் நகர்வு குறைவான வழியை முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு நகர்வும் ஓட்டம் உடையக்கூடிய ஓர் இடம்.

நகர்வு சமமாக இருந்தால் முடிவு எது வசதி என்று பாருங்கள். வலக்கை சி-யிலிருந்து அடுத்த ஆக்டேவின் இ வரை ஏறும் பத்து சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பிரிவு 3, 4, 3. கடைசி இ-யில் 3 விழும். உச்சியில் இருக்கும் இ-யை அழுத்திப் பிடித்து உடனே கீழே திரும்ப வேண்டும் என்றால் 5 தேவை. பின்னோக்கி வந்தால் பிரிவு 2, 3, 5 ஆகும்: சி 1, டி 2, இ 1, எஃப் 2, ஜி 3, ஏ 1, பி 2, சி 3, டி 4, இ 5. இதிலும் இரண்டே நகர்வுதான். உச்சியில் சுண்டுவிரல் கிடைத்ததற்கு எந்த விலையும் கொடுக்கவில்லை.

தொடக்கத்தில் இப்படி இரண்டு சுரக் குழு வருவதில் தவறில்லை. நடுவில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே கை அடுத்தடுத்து இரண்டு முறை அவசரமாக நகர வேண்டியிருக்கும்.

6. பெருவிரல் எங்கே விழ வேண்டும்

ஸ்கேல் ஓட்டத்தில் பெருவிரலைக் கறுப்புக் கட்டையில் வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் தெரிந்தால்தான் எப்போது மீறலாம் என்றும் தெரியும். பெருவிரல் குட்டை. அது கறுப்புக் கட்டையை எட்ட வேண்டுமானால் கை முழுவதும் உள்ளே போக வேண்டும். மற்ற விரல்கள் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பெருவிரல் அடுத்து வெள்ளைக்கு வரும்போது கை மறுபடி வெளியே வர வேண்டும். வேகத்தில் இந்த உள்ளே வெளியே ஆட்டத்துக்கு நேரம் இல்லை.

இன்னொரு பாதி விதி உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெருவிரல், கறுப்புக் கட்டைக்கு அடுத்து வரும் வெள்ளைக் கட்டையில் விழுவது எப்போதும் சுலபம். நீளமான விரல் மேலே உயரமான கட்டையில் நிற்கும்போது, அடியில் பெருவிரல் போக இடம் கிடைக்கிறது. இ மேஜரில் வலக்கை ஏறுவதைப் பாருங்கள்: ஜி ஷார்ப்பில் 3, உடனே ஏ-யில் 1. டி ஷார்ப்பில் 4, உடனே இ-யில் 1. இரண்டு நகர்வும் கறுப்புக்குப் பிறகு வெள்ளை.

சி மேஜரில் இந்த வசதி ஓரிடத்தில்கூட இல்லை. இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களுக்கு முதலில் பி மேஜரைச் சொல்லிக்கொடுத்து, சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். காகிதத்தில் எளிதாகத் தெரியும் ஸ்கேல் கைக்கு எளிதாக இருக்க வேண்டியதில்லை. ஷார்ப் நிறைய இருக்கிறது என்று ஓர் ஓட்டத்தைப் பார்த்துப் பயப்படும் மாணவர்களிடம் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

மீறலாம் என்று சொன்னேன் அல்லவா? ஐந்து சுரத்துக்குள் முடியும் குறுகிய ஓட்டம் ஒரே பிடியில் அடங்குமானால், பெருவிரல் கறுப்பில் இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே போன கை உள்ளேயே இருக்கும், நகர்வே இல்லை.

7. பீட்டோடு வைத்துப் பாருங்கள்

பெருவிரல் கனமானது. கவனிக்காமல் விட்டால் அது விழும் சுரம் சற்று உரக்கக் கேட்கும். சி மேஜரை நான்கு நான்கு செமிகுவேவராக வாசித்தால் பெருவிரல் விழுவது 1, 4, 8, 11, 15ஆவது சுரங்களில். முதல் பீட்டில் முதல் சுரத்திலும் நான்காவது சுரத்திலும், இரண்டாவது பீட்டில் நான்காவது சுரத்தில், மூன்றாவது, நான்காவது பீட்டுகளில் மூன்றாவது சுரத்தில். கேட்பவருக்கு இது ஒழுங்கில்லாத தடுமாற்றமாகத்தான் தெரியும்.

இதற்காக எண்ணை மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பீட்டில் பெருவிரலைக் கொண்டுவந்தே தீருவேன் என்று வசதியான எண்ணைக் கெடுப்பதை விட, பெருவிரலை லேசாக வாசிக்கப் பழகுவது நல்லது. ஆனால் இசையில் ஆக்சென்ட் குறி இருந்து, அங்கே உங்கள் எண் 4ஆவது விரலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்றால், ஒரு சுரம் முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள். ஸ்லர் (சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) முடிந்து புதிய ஸ்லர் தொடங்கும் இடத்தில் கை நகர்வதும் நல்ல பொருத்தம்தான். அங்கே ஒரு சின்ன மூச்சு எப்படியும் இருக்கிறது.

8. உண்மையான வேகத்தில் சோதியுங்கள்

மெதுவாக வாசித்து எண்ணை முடிவு செய்துவிட்டு, பல வாரம் பழகி, வேகத்தைக் கூட்டும்போதுதான் அந்த எண் உதவாது என்று தெரியவரும். அதற்குள் கை அதை மனப்பாடம் செய்திருக்கும். அதை அழிப்பது புதிதாகக் கற்பதை விடக் கஷ்டம். அதனால் பழகத் தொடங்கும் முன்பே சோதியுங்கள்.

முழு ஓட்டத்தையும் வேகமாக வாசிக்க முடியாதே என்று கேட்பீர்கள். முழுவதும் தேவையில்லை. முதலில் ஒவ்வொரு குழுவையும் ஒரே அடியாக, எல்லா விரலும் சேர்ந்து விழும்படி அழுத்துங்கள். சி-டி-இ சேர்ந்து, பிறகு எஃப்-ஜி-ஏ-பி சேர்ந்து. கை ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குச் சுத்தமாகப் போகிறதா, தோள் உயர்கிறதா, மணிக்கட்டு முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். இங்கேயே தடுமாறினால் எண்ணில் கோளாறு.

அப்புறம் ஒரு குழுவோடு அடுத்த குழுவின் முதல் சுரத்தையும் சேர்த்து, முழு வேகத்தில் வாசியுங்கள். 1-2-3, அடுத்த 1, நிறுத்தம். அடுத்து 1-2-3-4, அடுத்த 1, நிறுத்தம். நான்கு ஐந்து சுரத்தை முழு வேகத்தில் வாசிக்க எல்லோராலும் முடியும். ஓட்டத்தின் எல்லா நகர்வுகளையும் இப்படித் தனித்தனியாகச் சோதித்துவிடலாம்.

வேகத்தில் பெருவிரலின் வேலையும் மாறுகிறது. மெதுவாக வாசிக்கும்போது அது உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து அடுத்த கட்டையைத் தேடிப் போகும். வேகமாகப் போகும்போது அப்படி நுழைய நேரம் கிடையாது. முன்கை பக்கவாட்டில் நகர, கை முழுவதும் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போய்விடும். மெதுவாக வாசிக்கும்போதே பெருவிரலை ஆழமாக மடக்காமல், கை நகர்வதை உணர்ந்து வாசித்தால், பிறகு இரண்டு வித அசைவைக் கற்க வேண்டியிருக்காது. மெதுவாக வாசிக்கும்போது இனிமையாகத் தோன்றி, வேகத்தில் உடையும் எண்களில் பெரும்பாலானவை பெருவிரலை அதிகம் மடக்கச் சொல்பவையே.

ஏறும் ஓட்டத்தையும் இறங்கும் ஓட்டத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வலக்கை ஏறும்போது பெருவிரல் அடியில் போகிறது. இறங்கும்போது 3 அல்லது 4 மேலே தாண்டுகிறது. இடக்கையில் இது தலைகீழ். இரண்டும் வேறு வேறு அசைவு. ஒன்று சுலபமாக வருவதால் மற்றதும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

9. இரண்டு கையும் சேர்ந்து ஓடும்போது

பேத்தோவனின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவில், ஒப்பஸ் 37இல், பியானோ முதன்முதலாக நுழைவதே இரண்டு கையும் ஆக்டேவ் இடைவெளியில் சேர்ந்து ஏறும் சி மைனர் ஸ்கேல்களோடுதான். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு கைக்கு மிகச் சிறந்த எண் எது என்பதை விட, இரண்டு கையும் எங்கே சந்திக்கின்றன என்பது முக்கியம்.

சி மேஜரிலும் சி மைனரிலும் வலக்கைப் பெருவிரல் சி, எஃப் சுரங்களில். இடக்கைப் பெருவிரல் சி, ஜி சுரங்களில். சி-யில் மட்டும் பெருவிரல்கள் சந்திக்கும். நடுவிரல்களோ மூன்றாவது சுரத்திலும் ஆறாவது சுரத்திலும் சேர்ந்தே விழும். அந்த இரண்டு இடங்களையும் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழம்பினால் அங்கே ஒன்று சேர்ந்துவிடலாம்.

பி மேஜர், டி ஃபிளாட், ஜி ஃபிளாட் மூன்றிலும் பெருவிரல்கள் எல்லா இடத்திலும் சேர்ந்தே விழும். இரண்டு கை ஓட்டத்துக்கு இவைதான் மிகச் சுகமானவை. கஷ்டமானது பி ஃபிளாட். வலக்கையில் பி ஃபிளாட் 4, சி 1, டி 2, இ ஃபிளாட் 3, எஃப் 1, ஜி 2, ஏ 3. இடக்கையில் பி ஃபிளாட் 3, சி 2, டி 1, இ ஃபிளாட் 4, எஃப் 3, ஜி 2, ஏ 1. ஒரே விரல் சந்திக்கும் இடம் ஜி மட்டும், அதுவும் ஆட்காட்டி விரலில். அந்த ஜி-யை வட்டமிட்டு, அங்கே நின்று நின்று பழகினால் பிடி கிடைக்கும்.

ஒரு கையின் எண்ணை முடிவிலிருந்து மாற்றியிருந்தால், சேரும் இடங்களும் மாறியிருக்கும். மறுபடி எண்ணிப் பார்த்துப் புதிய ஊன்றுகோலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. குரோமாட்டிக் ஓட்டமும் சில விதிவிலக்குகளும்

வெள்ளை, கறுப்பு என எல்லாக் கட்டைகளையும் வரிசையாக வாசிப்பதே குரோமாட்டிக். அதன் வழக்கமான எண்ணில் கறுப்புக் கட்டைக்கெல்லாம் 3, வெள்ளைக்கு 1. இரண்டு வெள்ளை சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் 2 வரும். வலக்கையில் எஃப், சி சுரங்களுக்கு, இடக்கையில் இ, பி சுரங்களுக்கு. நம்பகமான எண் இது. ஆனால் ஒரு ஆக்டேவில் பெருவிரல் ஐந்து முறை விழுவதால், மிக வேகமாகப் போகும்போது கொஞ்சம் குதிக்கும்.

அதற்கு மாற்று, வலக்கை ஏறும்போது: இ 1, எஃப் 2, எஃப் ஷார்ப் 3, ஜி 1, ஜி ஷார்ப் 2, ஏ 3, ஏ ஷார்ப் 4, பி 1, சி 2, சி ஷார்ப் 3, டி 1, டி ஷார்ப் 2, மறுபடி இ 1. பெருவிரல் நான்கு முறைதான். பழக நேரம் எடுக்கும். ஒரு ஆக்டேவுக்கும் குறைவான ஓட்டத்துக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை.

ஒரே திசையில் பாயும் நீண்ட ஓட்டத்துக்கு 1-2-3-4-5, 1-2-3-4-5 என்று ஐந்து ஐந்தாக வாசிக்கும் முறையும் உண்டு. இசையமைப்பாளர் லிஸ்ட் எழுதியது போன்ற இசையில் பெடலோடு மின்னல் மாதிரி ஓடும் இடங்களுக்கு இது பொருந்தும். 5-லிருந்து 1-க்குப் போவதில் ஒரு சின்ன இடைவெளி வரும். பெடல் அதை மூடிவிடும். பெடல் குறைவான மொஸார்ட்டில் இந்த இடைவெளி அப்பட்டமாகக் கேட்கும். அங்கே வேண்டாம்.

மற்றொரு கை சும்மா இருந்தால், ஓட்டத்தை இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். காதுக்கு வித்தியாசம் தெரியாத வரை இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கை மாறும் சுரத்தில் ஒலி மாறுகிறதா என்று பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

11. எழுதுவதும் மாற்றுவதும்

எல்லாச் சுரத்துக்கும் எண் எழுதாதீர்கள். எண்களால் நிரம்பிய வரியை வேகத்தில் கண் படிக்காது. ஒவ்வொரு குழுவின் முதல் சுரத்துக்கும், வழக்கத்திலிருந்து விலகும் இடத்துக்கும், கடைசிச் சுரத்துக்கும் எழுதினால் போதும். கே. 545 உதாரணத்தில் இறங்கும் வழியில் சி-க்கு மேல் 4 என்று ஒன்று, அடுத்த பாரின் ஜி-க்கு 1 என்று ஒன்று. அவ்வளவே.

எழுதிய பின் அதே எண்ணில்தான் ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டும், மெதுவாக வாசிக்கும்போதும். இன்று ஒரு எண், நாளை வேறு எண் என்று வாசித்தால் கைக்கு இரண்டும் தெரியும், மேடையில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதும்.

எண்ணை மாற்ற வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு: ஒவ்வொரு முறையும் அதே சுரத்தில் தடுக்குவது. இடம் மாறி மாறித் தடுக்கினால் பயிற்சி போதவில்லை, எண்ணைத் தொடாதீர்கள். ஒரே இடத்தில், கவனமாக வாசித்தும் தடுக்கினால், அதற்கு முந்தைய நகர்வைப் பாருங்கள். கோளாறு கேட்கும் இடத்துக்கு இரண்டு மூன்று சுரம் முன்னாலேயே பெரும்பாலும் அது தொடங்கியிருக்கும். மாற்றினால் பழைய எண்ணை முழுவதும் அழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவைத்தால் கண் பழையதைத்தான் முதலில் பார்க்கும்.

தேர்வோ நிகழ்ச்சியோ நெருங்கும்போது எண்ணில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்பே ஒரு நாள் வேறொரு பியானோவில், முடிந்தால் கட்டைகள் கனமான ஒன்றில், எல்லா ஓட்டங்களையும் வாசித்துப் பாருங்கள். 4ஆவது விரல் தாண்டும் இடங்களில் சுரம் மங்குகிறதா என்று அப்போது தெரியும். மங்கினால் அந்த ஓர் இடத்தில் மட்டும் 3 தாண்டும்படி குழுவை மறுபடி பிரித்து, 8ஆவது பகுதியில் சொன்ன சோதனையை அங்கே மட்டும் செய்துவிடுங்கள்.